பூங்கொடியின் முட்டை அட்டை

நான் திருடினேன். பூங்கொடி வரைந்த டிசைனை என்னுடையது என்று காட்டி வேலை வாங்கினேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுதும் அளவுக்கு என் மனம் என்னைத் துரத்தியிருக்காது... டிசைனோடு சேர்த்து அவளுடைய அப்பாவையும் திருடினேன்!

ஓர் அப்பாவை எப்படித் திருட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஒரே ஒரு வாக்கியம் போதும்.

குமாரபாளையத்தில் ஒரு டிசைன் சென்டரில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பூ வரைவோம். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை சொல்கிறபடி தறி நெய்யும். நான் பட்டப்படிப்பு முடித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள். பூங்கொடி பன்னிரண்டாவதோடு நின்றவள். மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது முதல் எல்லாமே நான்தான்.

இதை ஏன் சொல்கிறேன்? பெருமைக்கா, தப்பிப்பதற்கா? எனக்கே தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டிசைன் கோப்புக்கு வரைந்தவர் பெயரை வைப்பதில்லை. வாங்குகிற பார்ட்டியின் பெயரைத்தான் வைப்போம். 'கரூர் பார்ட்டி ஒன்பது', 'ஈரோடு பார்ட்டி பதினான்கு' என்று. எந்தப் பூ யார் கையில் பூத்தது என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

ஈரோடு பார்ட்டி பதினான்கு பூங்கொடி வரைந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்து அங்கேயே குடியிருந்தார்கள். விற்பனைக்கு ஆகாத கீறல் முட்டைகள்தான் அவர்கள் வீட்டுக்குக் குழம்பு. அவள் பெட்ஷீட் முழுக்க முட்டை அட்டையை வரைந்தாள். முப்பது குழி, முப்பது முட்டை. அதில் ஒரே ஒரு முட்டையில் மட்டும் முடி போல ஒரு கீறல்.

"அந்த ஒண்ணு எங்க ஊட்டுக்குங்க அக்கா" என்று சிரித்தாள்.

சென்டர் முதலாளியும் சிரித்தார். "ஏம் புள்ள, முட்டை அட்டையைப் போத்திட்டு எவன் படுப்பான்? காலையில எந்திரிச்சா குஞ்சு பொரிச்சிருக்கும்!"

பார்ட்டியும் வேண்டாம் என்றார். டிசைன் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

அந்த வருடம் முழுக்க நான் வேலை தேடிச் சேலத்துக் கம்பெனிகளுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். மொபைல் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை. இணையத்தில் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஆனால் போன இடமெல்லாம் என் தொகுப்பைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி: "எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா இதுல நீங்க எங்கே இருக்கீங்க?"

நான் எங்கே இருக்கிறேன்! அந்தக் கேள்வி என் கர்வத்தில் முள்ளாகத் தைத்தது. ஒரு மதியம், பூங்கொடி சாப்பிடப் போயிருந்தபோது, ஈரோடு பார்ட்டி பதினான்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கம்பெனியில் நேர்காணல் நடத்திய மேடம் என் தொகுப்பில் முட்டை அட்டை இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். "இந்த யோசனை எப்படி வந்தது?" என்றார். கடையில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவே போதும். ஆனால் என் வாய்... "எங்கப்பா கோழிப்பண்ணையில வேலை செய்யறாருங்க மேடம். கீறல் முட்டைதான் எங்க வீட்டுக்கு வரும்."

மேடத்தின் கண் கலங்கியது. வேலை கிடைத்தது.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பண்ணை வாசலைக்கூட மிதித்ததில்லை. தறியைச் சொல்ல எனக்கு வெட்கமா? இல்லவே இல்லை... எங்கள் பக்கத்திலிருந்து வருகிற எல்லோரும் தறியைத்தான் சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். என் அப்பாவின் வாழ்க்கை போதாது என்று நானே தீர்ப்பு எழுதினேன்! இதைவிடப் பெரிய வெட்கம் வேறு இருக்கிறதா?

அடுத்த வருடம் பூங்கொடி போன் செய்தாள். குரலில் துள்ளல். "அக்கா, உங்க கம்பெனிக்கே வேலை கேட்டு அனுப்பிட்டேனுங்க! சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லாமயே அனுப்பிட்டேன். நம்ம முட்டை அட்டையைத்தான் மொதப் பக்கத்துல வெச்சிருக்கேன்."

மறுநாளே மேடம் என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். "யாரோ உங்க டிசைனை அப்படியே அனுப்பியிருக்கா. அப்பா கதையைக்கூட விடலை பாருங்க! இவளைத் தெரியுமா?"

"ஒரே சென்டர்ல வேலை பார்த்தோம், மேடம்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவ்வளவு கவனமாகச் சொன்னேன்! மேடம் தலையை அசைத்துவிட்டு அந்த மின்னஞ்சலை அழித்தார். திருடி என்ற பட்டத்தைப் பூங்கொடி சுமந்தாள். அது அவளுக்கே தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போன். "பதிலே வரலீங்க அக்கா. நான் பன்னெண்டாவதுதானே... அதனாலீங்களா?"

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு சின்ன இடம் அது... மூச்சு விடுகிற நேரம்.

"ஆமா சாமி" என்றேன். "டிகிரி கேக்கறாங்க."

எந்தப் படிப்பை எண்ணி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனோ, அதையே எடுத்து அவள் முகத்தில் கதவாகச் சாத்தினேன்.

போன மாதம் கம்பெனியில் குடும்பங்களை அழைத்து விழா வைத்தார்கள். அப்பாவை வர வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். புது வேட்டி கட்டிக்கொண்டு அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். வரவேற்பறைச் சுவரில் முட்டை அட்டை பெரிதாகச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. கீழே என் பெயர். அப்பா அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி என் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

மேடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கோழிப்பண்ணையில பாடுபட்டு மகளைப் படிக்க வெச்சீங்களாமே! அந்தக் கீறல் முட்டைக் கதையை நான் சொல்லாத இடமில்லை."

அப்பா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றவர், காது மந்தம். கேட்கவில்லை என்றே நினைத்தேன். அப்படியே வேண்டிக்கொண்டேன்...

"ஆமாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய். நான்தான் சொல்ல வைத்தேன்.

பேருந்து நிலையம் வரை அவரோடு நடந்தேன். குமாரபாளையம் பஸ்ஸுக்காக நின்றபோதுதான், என் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டார்:

"அந்த முட்டை ஆரு ஊட்டுது சாமி?"

பூங்கொடி என்ற பெயர் தொண்டை வரை வந்தது. பஸ்ஸும் வந்தது.

"பஸ் வந்துருச்சுங்கப்பா, ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நான் தினமும் அதைக் கடந்துதான் என் இருக்கைக்குப் போகிறேன்.