மொட்டைமாடி அறையில் குளிர்

குவைத்தின் ஃபர்வானியாவில் பழைய கட்டடம் ஒன்றின் காவலாளி பாண்டித்துரை; அங்கே அந்த வேலைக்கு 'ஹாரிஸ்' என்று பெயர். மாடிப்படி கழுவுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, குடியிருப்பவர்கள் கட்டுப்பாட்டை மீறாமல் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார்.

அந்தக் கட்டடத்தில் கரண்ட் பில் வீட்டுக்காரரான அரபியின் பொறுப்பு. பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்பதெல்லாம் இல்லை. சிக்கல் வயரிங்கில்தான். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கரண்ட் அடுப்பு எரிகிற நேரத்தில் ஒருவர் ஹீட்டர் போட்டாலும் மெயின் விழுந்து கட்டடமே இருண்டுவிடும். அதனால் ஹீட்டரே கூடாது என்று அரபி சொல்லிவிட்டார். கண்ணில் பட்ட ஹீட்டரையெல்லாம் பிடுங்கித் தன் அறையில் பூட்டிவைத்தார் பாண்டித்துரை.

அந்த ஜனவரியில் பாலைவனக் காற்று எலும்பைத் துளைத்தது. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறைகள் சில இருந்தன. அதில் ஒன்றில் தொண்டிக்காரர் கௌஸ் முகம்மதுவும், பேக்கரியில் இரவு டூட்டி பார்க்கும் ஹஸ்னைனும் தங்கியிருந்தார்கள். அவர்கள் வாங்கிவந்த சின்ன ஹீட்டரையும் பாண்டித்துரை எடுத்துக்கொண்டார். கௌஸ் தகராறு செய்யவில்லை. குளிருகிறது, போர்வை ஏதும் இருக்குமா என்று மட்டும் கேட்டார். பாண்டித்துரை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார்.

சில நாள் கழித்து, காலையில் டூட்டி முடிந்து வந்த ஹஸ்னைன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே பாண்டித்துரையிடம் ஓடிவந்தான். இருவரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்திருந்தது. இறைச்சி சுடும் தட்டில் கரி எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. கட்டிலில் கௌஸ் ஒருக்களித்துப் படுத்திருந்தார், உயிர் இல்லை. மூடிய அறையில் கரி எரிந்தால் மணமே இல்லாத நச்சுக்காற்று வரும் என்று வந்த போலீஸ்காரர் சொன்னார்.

உடலை எடுத்துப் போன பிறகு ஹஸ்னைன் படியில் உட்கார்ந்தபடி சொன்னான்: "உங்களாலதான்னு நான் சொல்லலண்ணே. ஆனா குளிர் தாங்கல."

அன்று மத்தியானமே பாண்டித்துரை அரபியின் வீட்டுக்குப் போனார். அத்தனை வருடத்தில் அழைக்காமல் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அரபி வயரிங்கைப் பற்றியே பேசினார். தனக்குத் தெரிந்த அரைகுறை அரபு மொழியில் பாண்டித்துரை திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "ஹீட்டர் மாஃபி. நஃபர் மௌத்." ஹீட்டர் இல்லை, ஆள் செத்துவிட்டான். கடைசியில் அரபி தலைகுனிந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

வழி சொன்னவர் அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகும் எலக்ட்ரீசியன் அன்பரசன். காற்று ஊதும் ஹீட்டர் அணைத்த கையோடு குளிர்ந்துவிடும். உள்ளே எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் அணைத்த பின்னும் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கீழ்வீட்டார் வேலைக்குப் போயிருக்கும் பிற்பகலில் அதைப் போட்டு, சாயங்காலம் அடுப்பு போடுவதற்குள் அணைத்து, சமையல் ஓய்ந்ததும் கொஞ்ச நேரம் மறுபடி போட்டால் மெயின் தாங்கும் என்றார். அரபி அறைக்கு ஒன்று வாங்கித் தந்தார். முழு வயரிங்கை மாற்றுகிறேன் என்றும் சொன்னார். அது இன்னும் நடக்கவில்லை.

பிற்பகலில் ஆளில்லாத அறையில் ஹீட்டரை விட்டுவைக்க பாண்டித்துரைக்கு மனம் வரவில்லை. தானே மாடிக்குப் போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அணைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அப்படி இருக்கும்போது கௌஸின் மனைவி ரஹீமா பீவி ஊரிலிருந்து ஹஸ்னைனின் போனில் கூப்பிட்டார். ஹஸ்னைன் போனை பாண்டித்துரையிடம் நீட்டினான். தான்தான் ஹீட்டரைப் பிடுங்கி வைத்தவன் என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

"அவுக குளிருதுன்னு உங்ககிட்ட சொன்னாகளா?" என்று கேட்டார் ரஹீமா பீவி.

"சொன்னாரும்மா."

அந்த அம்மா திட்டவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். பாண்டித்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அறை சூடாகிவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.