வில்லையில் இருந்த பெயர்

சென்னையிலிருந்து வந்த ரயில் புனே நிலையத்தில் நின்றபோது காலை ஏழு மணி. ஒன்றேகால் மணி நேரத் தாமதம். ஆகஸ்ட் மழை, நடைமேடைக் கூரை ஒழுகும் இடங்களில் பிளாஸ்டிக் வாளிகள் வைத்திருந்தார்கள். நான் வந்தது ஒரு பித்தளை வில்லையைப் படிக்க.

அழைத்தவர் நளினி. புனேயில் பிறந்த தமிழர்; ஹடப்சரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறார். பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்புகளில் வேலைக்காரர்களாக இருந்தவர்களின் பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி தயாரிக்கிறார். கூரையில் தொங்கிய பங்கா விசிறியை இழுத்த கயிற்றின் கப்பி, தண்ணீர் சுமந்த தோல்பை, எனாமல் தட்டு என்று கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. துரைமார் வீட்டுப் பீங்கானும் வெள்ளிக் கரண்டியும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், வேலைக்காரர்களுடையதுதான் கிடைக்காது என்றார். போபோடியில் ஒரு தமிழ்க் குடும்பத்திடம் சேவகர் ஒருவர் இடுப்பு வாரில் அணிந்த வில்லை இருக்கிறது. முன்பக்கம் சர்க்கார் குத்திய எண். பின்பக்கம் அவரே ஆணியால் கீறிய தமிழ்ப் பெயர். நளினி தமிழைச் சரளமாகப் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பழைய கல்லெழுத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய பழக்கம் எனக்கு உண்டு.

நளினி நிலையத்துக்கே வந்திருந்தார். அங்கிருந்து போபோடி ஏழு கிலோமீட்டர்; ஆட்டோ மீட்டரில் நூற்றுப் பத்தொன்பது ரூபாய். பழைய சாமான் பார்க்கப் போகிறோம் என்றதும் ஓட்டுநர் இந்தியில் சொன்னார்: "அதுக்கு ஜூனா பஜார் போகணும் சாப். போபோடியில பழசுன்னா நாங்க மட்டும்தான்."

மெட்ரோ தூண்களைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கினோம். தகரக் கூரைகளின் மேல் நீலத் தார்ப்பாய். அதை இறுக்கிப் பிடிக்கக் கிழிந்த டயர்கள். சாக்கடை நிரம்பி வாசற்படி வரை வந்திருந்தது. ஒன்பது மணிக்கு வில்லையை வைத்திருக்கும் ஸ்டெல்லாவின் வீட்டில் இருந்தோம். ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தம்பி ஆண்டனி பக்கத்துத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போஹே என்கிற அவல் உப்புமாவும் டீயும் வந்தன. பிறகு ஸ்டெல்லா எவர்சில்வர் தட்டில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து வில்லையைக் கொண்டுவந்தார். பொன் போல் மின்னியது.

நளினி அதைத் தொடவில்லை. "தேய்ச்சீங்களா ஆன்ட்டி?"

"காலைல எழுந்ததும் மொத வேலை அதான். புளி போட்டு ரெண்டு பக்கமும் தேய்ச்சேன். காலேஜுக்குப் போற சாமானை அழுக்கா குடுப்பாங்களா?"

"எதுவும் பண்ணாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு ஃபோன்ல சொன்னேனே."

"சொன்னீங்க. மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

ஆண்டனி சிரித்தார். "இவ கைல மாட்டினா ஏசுநாதர் ஆணிகூட பளபளன்னு ஆயிடும். கிறிஸ்மஸ் வந்தா மொதல்ல இந்த வில்லைக்குத்தான் குளியல். எங்கம்மாவும் அப்படித்தான்."

சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்பக்கம் 214, ஆழமாக அச்சுக் குத்தியது, நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. பின்பக்கத்தில் என் முகம் தெரிந்தது. நளினி கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்க, பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். நெட்டாக ஒரு கோடு. அதன் அடியில் ஒரு வளைவு இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும். அது 'ப' ஆக இருக்கலாம். தேங்காய் நார் போன தடமாகவும் இருக்கலாம்.

"பேரு என்ன சார்?" என்றார் ஸ்டெல்லா.

அவர் கேட்டது கண்காட்சிக்காக அல்ல. வில்லையை அணிந்தவர் அவருடைய அப்பாவின் தாத்தா. பிளேக் காலத்தில் முகாமில் செத்தார். மொத்தமாகக் குழியில் போட்டார்கள், கல் இல்லை என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது. தன் கல்லறையில் தாத்தா பெயரையும் பொறிக்க வேண்டும் என்பது அப்பாவின் கடைசி ஆசை. கல்லில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார்கள்.

"அப்பா அவர் பேரைச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"பெரியவங்க பேரை வாயால சொல்ல மாட்டாரு. 'வில்லையில இருக்கு, பாத்துக்கோ'ன்னாரு. நானும் இவனும் மராத்தி ஸ்கூல். கோடு கோடா தெரியும், படிக்கத் தெரியாது. எங்க போயிடப்போவுதுன்னு இருந்துட்டோம்."

தெரியவில்லை என்றேன். அவர் மறுபடி கேட்டார்: "எதுனா ஒரு எழுத்து?"

பவுல், பாக்கியநாதன், பெருமாள் என்று எனக்குள் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரமே கல்லில் ஏறியிருக்கும். சொல்லவில்லை.

ஆண்டனி தொண்டையைச் செருமினார். "நம்பரை வெட்டிடலாமேக்கா. அதுவும் அவருதுதானே."

"சர்க்காரு மாட்டுக்குப் போடற மாதிரிப் போட்டது அது. அப்பா பக்கத்துல அதைப் போடுவியா நீ?"

ஆண்டனி டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். டீ ஆறிப்போயிருந்தது.

மழை விட்டதும் கிளம்பினோம். பெயரில்லாத வில்லையைக் கேட்க நளினிக்குத் தயக்கம். ஸ்டெல்லா தானே அதைக் கைக்குட்டையில் சுற்றி அவர் பையில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா திரும்பவும் தேய்ச்சிடுவேன்." வாசல் வரை வந்தவர், கண்காட்சியில் இதன் பக்கத்தில் என்ன எழுதி வைப்பீர்கள் என்று கேட்டார். பித்தளை வில்லை, எண் 214, அணிந்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதுவதே வழக்கம் என்றார் நளினி.

"தெரியலைன்னு போடாதீங்க. எங்கப்பாவுக்குத் தெரியும்."

அன்று மாலை நான் சென்னைக்கு ரயிலேறினேன். சென்னையில் வெள்ளைக்காரக் கவர்னர்களும் தளபதிகளும் சலவைக்கல் சிலைகளாக நிற்கிறார்கள். பெயர்கள் ஆழமாக வெட்டப்பட்டவை. யாரும் அவற்றைத் துடைப்பதில்லை, எல்லாவற்றையும் படிக்க முடிகிறது.