மஞ்சளின் மேல் ஸ்நோ

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு சவாரி வண்டி வந்து நின்றது. நான் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கிய அம்மாளை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு காகிதம். இரவெல்லாம் தூங்காத முகம்.

காகிதம் என்ன தெரியுமா? மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் நான் எழுதிய பத்தி! அழகாகக் கத்தரித்து, நாலாக மடித்து வைத்திருந்தார்.

“ஏனுங்க, நீங்கதானுங்களா இந்த ஸ்நோ எழுதுனது?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் எழுத்தைப் படித்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு ஒரு வாசகி வீடு தேடி வருவது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று சிரித்தேன். உட்காரச் சொன்னேன். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

“காப்பி கெடக்கட்டுங்க. எம்புள்ள மூஞ்சி ரத்தமாச் செவந்து போச்சு. மத்தியானம் பொண்ணுப் பாக்க வாராங்க. வந்து சரி பண்ணிக் குடுத்துப்போட்டுப் போங்க.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். முகத்தில் தடவிக்கொள்ளச் சீமையிலிருந்து கண்ணாடிச் சிமிழில் வருகிறதே ஸ்நோ, அதை வீட்டிலேயே தயாரிக்கும் முறையை எழுதியிருந்தேன். இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்தது. முக்கால்வாசி புரிந்தது. அதில் போடுகிற சோடா உப்பு எவ்வளவு என்பது மட்டும் சரியாகப் புரியவில்லை. உத்தேசமாக ஒரு கரண்டி என்று போட்டுவிட்டேன். எழுதி முடித்ததும் என் கணவர் வாங்கிப் படித்தார். “நீ தடவிப் பார்த்தாயா?” என்று கேட்டார். எழுதுகிறவள் எல்லாவற்றையும் தடவிப் பார்க்க முடியுமா என்று நான் சீறினேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி இப்போது வண்டி ஏறி வந்திருக்கிறது...

புடவை மாற்றக்கூட நேரமில்லை. அப்படியே வண்டியில் ஏறினேன். துடியலூருக்குப் போய்ச் சேருகிற வரையில் அந்த அம்மாள் — பழனியம்மாள் என்று பெயர் — என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நடந்ததை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரே பெண். சரசு. பதினெட்டு வயது முடியப்போகிறது. இதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, பெண் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இது மூன்றாவது. வடக்கே ஓர் ஊர். ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். நல்ல பூமி, நாலு கிணறு, ஒரே பையன். மில்லில் என்ஜின் பார்க்கிற வேலை. ஒரு சங்கடம் மட்டும்தான் — பையனின் தாயார். போன வருஷம் சூலூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனவர், அந்தப் பெண் பவுடர் பூசியிருந்தாள் என்பதற்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாராம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படிப்பட்ட அம்மாள் வருகிற இடத்தில் எதற்காக ஸ்நோ தடவினீர்கள் என்று கேட்டேன்.

“பவுடர்தானுங்க கண்ணுக்குத் தெரியும். ஸ்நோ தடவுனதே தெரியாம மறைஞ்சு போகும்னு நீங்கதானுங்க எழுதியிருந்தீங்க?”

ஆமாம். எழுதியிருந்தேன். கூடவே, முகத்தின் நிறம் ஒரு மாற்றுக் கூடும் என்றும் எழுதியிருந்தேன். படிக்கிறவர்களில் யாருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வரி என்று நான் யோசித்ததே இல்லை. வண்டியின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஐயோ!

நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தன. காதும் கழுத்தும் மட்டும் மஞ்சளாக இருந்தன. ஆரத்தித் தட்டில் முகம் கழுவிக்கொண்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண்ணும் அதே நிறத்துக்கு வந்திருந்தது.

ஆரத்தி என்று மனசில் பட்டதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் என்ன ஆகும்? நம் வீட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், சிவக்கும் என்று. சுண்ணாம்பு செய்வதைச் சோடாவும் செய்யும். நம் பெண்கள் தினம் மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள். அதிலும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் இரண்டு பங்கு அரைத்துப் பூசுவார்கள். அதன் மேல் ஒரு கரண்டி சோடா போட்ட ஸ்நோ! இங்கிலீஷ் பத்திரிகைக்காரன் இதைப் பற்றி எச்சரிக்கவில்லையே என்று அவன் மேல் கோபம் வந்தது. அவன் எதற்கு எச்சரிப்பான்? வெள்ளைக்காரச்சி மஞ்சளா பூசுகிறாள்? எனக்கல்லவா புத்தி இருந்திருக்க வேண்டும்!

சரி, நடந்தது நடந்துவிட்டது. நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்றேன். கொல்லைப்புறத்துப் பொடக்காளிக்கு அழைத்துக்கொண்டு போய், வீட்டிலிருந்த சோப்பை எடுத்து என் கையாலேயே நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். நுரை ரோஜாப்பூ நிறத்தில் வந்தது. அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

தண்ணீரை ஊற்றிப் பார்த்தால்... முன்னைவிடச் சிவப்பு! அதுவரை தப்பித்திருந்த காதும் கழுத்தும்கூடச் சிவந்துவிட்டன. சோப்பிலும் அதே சரக்குத்தான் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் வாசலில் வண்டி மணிச் சத்தம். மத்தியானம் வருகிறோம் என்றவர்கள், ராகு காலத்துக்கு வெகு முன்பாகவே பார்த்துவிட வேண்டும் என்று பத்தரை மணிக்கே வந்துவிட்டார்கள்.

உடனே நான் ஒரு யோசனை சொன்னேன். சொன்னதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பெண்ணுக்கு உடம்புச் சூடு, அதனால் முகத்தில் தடிப்பு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம். டவுனிலிருந்து வந்தவள், விஷயம் தெரிந்தவள் என்று நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன் என்றேன். பழனியம்மாளுக்கு உயிர் வந்தது. சரசு மட்டும் தலையை ஆட்டினாள்.

“வேண்டாமுங்க. பொய் சொல்லிப் போனா, அங்க போயும் தெனமும் ஒண்ணு சொல்லோணும்.”

தாயார் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கச்சாயப் பலகாரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த ஆசாரத்துக்குப் போய்விட்டாள். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. நான் கதவு மறைவில் நின்றுகொண்டேன்.

பையனின் தகப்பனார், சித்தப்பா, தாயார் — மூன்று பேர். தாயார் நல்ல கறுப்பு. காதில் கெம்புக் கம்மல். முந்தானையை இடது கை முழுக்க மணிக்கட்டு வரையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேக்காட்டில் எதற்கு இவ்வளவு போர்வை, பெரிய வீட்டு மிடுக்குப் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சரசு நிமிர்ந்தாள். சித்தப்பா கையிலிருந்த மோர்ச் செம்பு பாதியில் நின்றது. தகப்பனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டுவளையை ஆராய ஆரம்பித்தார்.

பையனின் தாயார்தான் கேட்டார், முகத்தில் என்ன என்று.

“ஸ்நோ தடவுனனுங்க. பத்திரிகையப் பாத்து நானே செஞ்சது. கொஞ்சம் நெறமாத் தெரிஞ்சா உங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சேன். இப்பிடி ஆயிப்போச்சுங்க.”

முடிந்தது என்று நினைத்தேன். அந்த அம்மாள் எழுந்தார். வாசலுக்குப் போகப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே என்னைத் தாண்டி உள்ளே வருகிறார்! பழனியம்மாளிடம், வீட்டில் புளித்த மோர் இருக்கிறதா என்று கேட்டார்.

மோர் வந்தது. ஒரு துணியை அதில் நனைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தார். துணி போன வழியில் சிவப்பு மறைந்து மஞ்சள் வந்தது! கன்னத்தில் துடைத்தார், மஞ்சள். மோவாயில் துடைத்தார்; மஞ்சள். தாயும் மகளும் இரவும் காலையும் அழுது தீர்த்த விஷயம் ஒரு செம்பு மோரில் தீர்ந்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஆசாரத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஆண்கள் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், இடது கையை மூடியிருந்த முந்தானையை ஒதுக்கினார்.

முழங்கைக்குக் கீழே, கால் ரூபாய் அகலத்துக்கு, செக்கச்செவேல் என்று ஒரு வட்டம்!

“மொத வாட்டி செவந்தப்ப மோர்ல தொடைச்சேனுங்க, போயிருச்சு. சோடாவப் பாதியாக் கொறைச்சு இன்னைக்கு விடியக்காலம் மறுபடியும் தடவுனேன். இன்னும் செவக்குது.”

அங்கே கிடந்த உரலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பவுடருக்காக ஒரு சம்பந்தத்தையே தட்டிக் கழித்த அம்மாள்... வீட்டில் யாருக்கும் தெரியாமல், மகன் வாங்கி வருகிற பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்து, ஸ்நோ காய்ச்சிக்கொண்டிருக்கிறார்!

பழனியம்மாள் தயங்கித் தயங்கிச் சூலூர்ப் பெண்ணின் கதையைக் கேட்டார். பவுடர் பூசினதற்காக யாராவது எழுந்து வருவார்களா என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண்ணின் கழுத்து வரையில் வெள்ளையாக அப்பியிருந்ததாம். என்ன பவுடர் கண்ணு என்று ஆசையாகத்தான் விசாரித்திருக்கிறார். பவுடரே இல்லை, பச்சைத் தண்ணீரில்தான் முகம் கழுவினேன் என்று பெண்ணும் தாயும் சத்தியம் செய்தார்களாம். கண்ணுக்கு முன்னால் பொய் சொல்கிற வீடு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

நான் சொல்லிக்கொடுத்த உடம்புச் சூட்டுக் கதையை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால்?

இந்த வயதில் உங்களுக்கு எதற்கு ஸ்நோ என்று நான் கேட்கவில்லை. என் பார்வை கேட்டுவிட்டது போலிருக்கிறது.

“எனக்கும் ஒரு மூஞ்சி இருக்குதுங்கல்ல?” என்றார்.

அப்புறம் மோர்த் துணியைப் பிழிந்துகொண்டே ஒரு வார்த்தை சொன்னார். “அதை எழுதுன அம்மிணி ஆருன்னு தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. தடவிப் பாத்துப்போட்டுத்தான் எழுதுனாங்களான்னு.”

தாயும் மகளும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காட்டிக்கொடுக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அவர்களை அறியாமல் பார்த்துவிட்டார்கள். இனிமேல் ஒளிய எங்கே இடம்? நான்தான் அது என்றேன். தடவிப் பார்க்கவில்லை என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “மொதல்ல முழங்கைல பாக்கோணுங்க” என்றார். அவ்வளவுதான். முந்தானையை மறுபடியும் மணிக்கட்டு வரையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தம் தலையிலிருந்த பூவில் ஒரு துண்டைக் கிள்ளிச் சரசுவுக்கு வைத்துவிட்டு ஆசாரத்துக்குப் போனார். பெண் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்ன குரல் உள்ளே கேட்டது. பழனியம்மாள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டி ஏறும்போது அந்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். நடந்ததைத் தாராளமாக எழுதலாம். நாலு பெண்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும். வீட்டுக்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம், ஊரிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் உண்டு என்றார். ஆகவே ஊர்ப் பெயர் எழுதவில்லை.

என் பேச்சை நம்பி ஸ்நோ காய்ச்சிய சகோதரிகள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். சிவந்து உட்கார்ந்திருப்பவர்கள் சோப்பைத் தொட வேண்டாம். புளித்த மோரில் துடையுங்கள். இனித் தடவுகிறவர்கள் அன்றைக்கு மஞ்சள் பூச வேண்டாம்.

மஞ்சளையும் விடாமல் ஸ்நோவும் வேண்டும் என்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சோடாவைக் காலே அரைக்கால் கரண்டியாகக் குறைத்து இன்று காலையில் காய்ச்சினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன்... என் இடது முழங்கை இன்னும் லேசாகச் சிவந்துதான் இருக்கிறது.