ஐந்து அடுக்குக் காட்டன்

போன வருஷம் ஜூலை மாதம். நியூசிலாந்தில் அது நடுக் குளிர்காலம். ஆக்லாந்தில் பாபடோயிட்டோய் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் இன்னொரு பெண்ணும் தங்கியிருந்தோம். எனக்கு இங்கே மூன்றாவது வருஷம். படிப்பு முடித்து ஏர்போர்ட் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. அவள் திருப்பூர். மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பஸ் கார்டு எங்கே வாங்குவது, ஹீட்டரை எவ்வளவு நேரம் போடலாம், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். வாய்க்கு வாய் "அக்கா". எனக்கு அதில் செம கெத்து. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். குரல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

என் வேலையிடத்தில் சூப்பர்வைசராக இருப்பவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். பல வருஷமாகக் குடும்பத்தோடு பனிமலைக்கு ஸ்கீயிங் போகிறவர். "இந்த முறை நீங்களும் வாங்கோ, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டார். சனிக்கிழமை அதிகாலையில் அவரவர் காரில் கிளம்பி மலையில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏனுங்க்கா, அங்க என்னங்க்கா போட்டுட்டுப் போறது?" என்று திங்கள்கிழமையே ஆரம்பித்துவிட்டாள்.

நான் அதுவரை ஸ்கீயிங் போனதே இல்லை. ஒரே ஒரு முறை பனி பார்க்கப் போய், காரைவிட்டு இறங்கி, நாலு போட்டோ எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அவளிடம் ஏற்கெனவே "நானெல்லாம் ஸ்கீயிங் பண்ணவ" என்று சீன் போட்டிருந்தேன். அதனால் யோசிக்காமல் அடித்துவிட்டேன்.

"லேயர் லேயரா போடணும்டி. உன் பெட்டி பூரா காட்டன் பனியனா வெச்சிருக்கியே, அஞ்சாறு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போடு. நம்ம ஊர் காட்டனை அடிச்சுக்க உலகத்துல எதுவுமே கிடையாது."

அவளுடைய அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றைக்கே வீட்டுக்கு வீடியோ கால். அம்மாவும் அந்தப் பக்கத்தில் இருந்து, "ஆமா கண்ணு, அக்கா சொல்றது சரிதான். காட்டனே போட்டுக்கோ, உடம்பை ஒண்ணும் பண்ணாது" என்றார். வெயில் ஊரில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். காட்டன் என்றால் நல்லது. யாரும் இதைச் சரிபார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை யாழ்ப்பாணத்து அண்ணா எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"தங்கச்சி, வடிவாக் கேளுங்கோ. பருத்தி உடுப்பு ஒண்டும் போடாதேங்கோ. ஜீன்ஸ் கூடவே கூடாது. வேர்த்தாலும் நனையும், விழுந்தாலும் நனையும், பிறகு காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிப் போடும். உள்ளுக்கு மெல்லிசுக் கம்பளி, நடுவில ஃப்ளீஸ் ஸ்வெட்டர், வெளியில தண்ணி போகாத ஜாக்கெட், பேண்ட். சொக்ஸ் ஒரு சோடி போதும், ரெண்டு போட்டா ரத்தம் ஓடாது. அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கோ, என்ன?"

கேட்டேன். முழுசாக, இரண்டு முறை கேட்டேன். "ஓகே அண்ணா" என்று கட்டைவிரலும் போட்டேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகப் பக்குரங்காவுக்குப் போய், கூட வேலை செய்யும் பெண்ணிடம் ஸ்கீ ஜாக்கெட், பேண்ட், கம்பளி உள்ளாடை எல்லாம் எனக்கு மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திங்கள்கிழமை நான் விட்டதெல்லாம் பீலா என்று தெரிந்துவிடும். காரணம் அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் தேட வேண்டாம். நானே தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சனிக்கிழமை அதிகாலை அவள் ரெடியாகி நின்றாள். ஐந்து பனியன், இரண்டு காட்டன் டிராக் பேண்ட், அதற்கு மேல் தெருவில் போடுகிற, பஞ்சு அடைத்த சாதாரண பஃபர் ஜாக்கெட். என்னைப் பார்த்ததும், "அய்யோ அக்கா, சினிமா ஹீரோயினாட்டம் இருக்கீங்க! எனக்கும் இந்த மாதிரி வேணுங்களாக்கா?" என்றாள்.

"இதெல்லாம் சும்மா ஸ்டைலுக்குடி" என்றேன்.

மலைக்குக் கீழே இருக்கும் ஊரில் ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தோம். கவுன்ட்டரில் இருந்த பையன், தண்ணீர் புகாத பேண்ட் வேண்டுமா என்று அவளைப் பார்த்துக் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால் அந்த இடத்தில்கூட எல்லாம் சரியாகியிருக்கும். ஒரு தலையாட்டல்.

காலை இரண்டு மணி நேரம் புதியவர்களுக்கான வகுப்பு. வெயில் அடித்தது. விழுந்தோம், எழுந்தோம், சிரித்தோம். அவள் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் விழும்போதெல்லாம் பனி இடுப்புக்குள் போய் உருகியது. உள்ளே வேர்வை வேறு. அண்ணா தன் பிள்ளைகளோடு வேறொரு சரிவில் இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்குப் பார்ப்போம் என்று மெசேஜ் போட்டிருந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் வெயில் போய்க் காற்று ஆரம்பித்தது.

"அக்கா, போதுங்க்கா. உள்ள பூரா நனைஞ்சு போச்சு. பல்லு தந்தி அடிக்குது."

"ஒரே ஒரு தடவை லிஃப்ட்ல மேல போயிட்டு வந்துடலாம். வீடியோ வேணும்டி எனக்கு. இவ்ளோ தூரம் வந்துட்டு இதுல என்ன சீன் போடற?"

அவள் வந்தாள். நான் சொன்னால் அவள் வருவாள், அதுதான் வழக்கம்.

இரண்டு பேர் உட்காரும் திறந்த நாற்காலி லிஃப்ட். பாதி வழியில் காற்று அதிகமாகி லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். காற்று அடங்கும்வரை நிறுத்துவது அங்கே சாதாரணம்தானாம். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். முதலில் அவள் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலியே ஆடியது. நான் ஜோக் அடித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. நான் பெரிய மேதாவி, குளிர் விட்டுவிட்டது என்று நினைத்தேன். "அக்கா, தூக்கம் வருதுங்க" என்றாள். நாக்கு குழறியது. கையைப் பிடித்தேன். கம்பளிக் கையுறை பிழிகிற அளவுக்கு ஈரம். அவள் விரல்கள் என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அண்ணாவின் குரல் வரிக்கு வரி காதில் கேட்டது.

என் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்த வேண்டும் என்று தோன்றியது. ஜிப்பைப் பாதி இறக்கினேன். காற்று நெஞ்சுக்குள் கத்தி மாதிரி இறங்கியது. திரும்ப ஏற்றிக்கொண்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "தூங்காதடி, தூங்காதடி" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அது மட்டும் செய்தேன்.

இருபது நிமிடம் இருக்கும், லிஃப்ட் நகர்ந்தது. மேலே இருந்த ஊழியர் அவளைப் பார்த்த உடனே ரேடியோவில் ஆட்களைக் கூப்பிட்டார். சறுக்குப் படுக்கையில் கட்டிக் கீழே முதலுதவி அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த பெண் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். ஒரு பனியன், இன்னொரு பனியன், அதற்குக் கீழே இன்னொன்று. தரையில் சொத் சொத்தென்று விழுந்தன. யார் இவளுக்கு இப்படி உடுத்தச் சொன்னது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"தெரியல" என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, அவள் பேச்சு திரும்ப. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் கதை வேறு என்றார்கள். கால் விரல் நுனிகள் வெள்ளையாக, மெழுகு மாதிரி இருந்தன. அண்ணா மூச்சு வாங்க ஓடி வந்தார். அவளைப் பார்த்தார், தரையில் கிடந்த துணிக் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலை முதல் கால்வரை துளி ஈரமில்லாமல் நின்ற என்னை.

"நான் வொய்ஸ் போட்டனானே தங்கச்சி? பருத்தி வேண்டாமெண்டு அவவுக்குச் சொல்லச் சொல்லி? நீங்கள் சொல்லேல்லையோ?"

போர்வைக்குள் இருந்து அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மெசேஜ் பற்றி அவளுக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. என் ஜாக்கெட், இரவல் பேண்ட், கடையில் ஆட்டிய தலை, எல்லாவற்றையும் அவள் ஒன்றாகச் சேர்ப்பதை நான் அவள் கண்ணில் பார்த்தேன்.

"சொன்னாங்கண்ணா" என்றாள். "அக்கா அன்னைக்கே சொன்னாங்க. நாந்தானுங்க கேக்காம போட்டுட்டு வந்துட்டேன்."

"என்ன பிள்ளை நீர்! அக்கா சொன்னாக் கேக்க வேண்டாமே!" என்று அண்ணா அவளைத் திட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "இல்லண்ணா, தப்பு என்னோடது" என்று சொல்ல மூன்று விநாடி போதும். சொல்லவில்லை.

திரும்பும்போது அவள் அண்ணா குடும்பத்தோடு வந்தாள். நான் என் காரில் தனியாக ஓட்டி வந்தேன்.

கால் விரல் மரத்துப்போனது சரியாவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் பிளாக்ஹவுஸ் பே பக்கம் வேறு பெண்களோடு வீடு பார்த்துப் போய்விட்டாள். சண்டை இல்லை, ஒரு வார்த்தை குறை இல்லை. போகும்போது "வர்றனுங்க்கா" என்றாள், அதே மரியாதையோடு. ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தீபாவளி விழாவில் பார்த்தேன். தன் தோழிகளிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்: "அக்கா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க, நாந்தான் பெரிய இவளாட்டம் அஞ்சு பனியனை மாட்டிட்டுப் போனேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மட்டும் அன்றைக்கு என்னைப் போட்டுக் கொடுத்திருந்தால், திட்டு வாங்கி, அழுது, மன்னிப்புக் கேட்டு, இந்நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பேன்; அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதனால்தான் எத்தனை பேர் என்னை அக்கா என்று கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் உடனே திரும்பிப் பார்க்க முடியவில்லை.