வெட்ட மறுத்த கோடு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் ‘புரொபசர்’ என்று பட்டப்பெயர். நாற்பது வயதுக்கு மேல் மாலைக் கல்லூரியில் சேர்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்கும்போது, அந்தக் காலத்தில் பெரியப்பா, சித்தி, பங்காளி என்று அத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் எப்படி இருந்தார்கள், இப்போது ஒற்றை ஆள் ஒரு வீட்டில் எப்படி இருக்கிறார் என்று அளந்துகொண்டே இருப்பாள். எதிரில் நிற்பவள் காதைப் பொத்தவும் முடியாது. கையில் விரிப்பு இருக்கிறதே.

பண்டைய சமூகத்திலும் இன்றைய சமூகத்திலும் குடும்பம் என்பது அவள் உயிரை விட்டுப் படித்த பாடம். அவளுடைய குடும்பத்தில் இருந்ததோ இரண்டே பேர். கணவன் வேறொருத்தியோடு போய், விவாகரத்தும் முடிந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவனுடைய அம்மா மட்டும் இவளோடு தங்கிவிட்டார். "அவனையே விட்டாச்சு, அவன் அம்மா எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியாரும் மருமகளும் தினம் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டார்கள்; ஒருத்தி வராமல் மற்றவள் சாப்பிட்டதில்லை.

வகுப்பில் அவரவர் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. விவாகரத்து என்றால் கோட்டின் குறுக்கே ஒரு வெட்டு. இவள் வெட்டவில்லை.

"இது தப்புங்க. இங்க வெட்டணும்," என்றார் பேராசிரியை.

"வெட்டிட்டா எங்க அத்தை அந்தப் பக்கம் போயிடுவாங்களே மேடம். அவங்க எங்கூடதான் இருக்காங்க."

"இருக்கலாம். ஆனா சொந்தம்னு பாத்தா, இப்ப அவங்க உங்களுக்கு யாரும் இல்லையே."

பேராசிரியை சொன்னதில் தப்பில்லை. பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"அப்ப மார்க்கக் குறைச்சுக்கோங்க மேடம்."

பிடித்த பிடியை விடாதவள். அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் ‘யாரும் இல்லை’ என்ற சொல் அவளை விடவில்லை. மகன் வந்து கூப்பிட்டால் அத்தை கிளம்பிவிடுவார் என்ற பயம் அத்தனை வருடமும் அவளுக்கு இருந்தது. அதை அவரிடம் கேட்க மட்டும் தைரியம் வந்ததில்லை.

அந்த வாரமே அவன் வந்து நின்றான். புது வீடு கட்டியிருக்கிறானாம். அம்மாவுக்குத் தனி அறையாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவில்லை. மருமகள் சுவரோரம் நின்றாள். போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. எந்த உரிமையில் சொல்வது?

"பெத்த புள்ள நான் இருக்கேன்மா. இவ உனக்கு யாரு?"

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"விட்டுட்டுப் போனது நீ. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டதும் நீ. நான் எங்கடா போட்டேன்?"