அண்ணா தொட முடியாத பெட்டி

என் அண்ணா என் மீன்களை அழித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டியபடி கூடத்துக்கு வந்தால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் அவன் பிள்ளையின் கல்யாண வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருந்தது.

"இடமே இல்லைன்னு சொல்லித்து. உன் மீன் போல்டரைத் தூக்கிட்டேன்" என்றான், பழைய பேப்பரை எடைக்குப் போட்டதைச் சொல்வதுபோல.

கரமனை அக்ரகாரத்தில், மீன் வாடையே படாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி ஒருநாள் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே பச்சையும் மஞ்சளுமாக மின்னிக்கொண்டிருந்த ஒரு பெரிய மீன் என் கண்ணெதிரே துடித்துத் துடித்துச் சாம்பல் நிறமாகி அடங்கியது. அந்த நிறங்கள் எங்கே போயின என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த போனஸில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் விழிஞ்ஞம்தான். சாளை, அயிலை, திருக்கை, பெயரே தெரியாத முள் மீன்கள். ஏலம் போடுகிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, படகு வந்ததும் எனக்காக ஒன்றிரண்டைத் தனியே எடுத்து வைத்தார்கள். நாலு வருஷப் படங்கள்.

"என்னண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"மீன்தானே? கடல் எங்கேயும் போயிடலை. மறுபடி போய் எடு. அப்பாவுக்குத் திவசம் பண்ற கூடமாக்கும் இது. செத்த மீனை வெச்சுண்டு என்ன பூஜையா பண்ணப்போறே?"

அப்போதுதான் புரிந்தது. இடம் இல்லாததால் மட்டும் அழிக்கவில்லை. அழிப்பதற்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் அவன் குரலில் இருந்தது. அவன் மனைவி, என் மன்னி, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அண்ணா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீஸில் கையெழுத்துப் போட்ட கை வீட்டிலும் ஓயவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி, அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மீன்கள் இருந்த இடத்தின் மேலேயே கல்யாண வீடியோ உட்கார்ந்துவிட்டது. நாதஸ்வரமும் ஜானவாசமும் என் திருக்கைகள் மேல்.

நான் அழவில்லை. அவன் எதிரில் அழுவதில்லை என்று முடிவு செய்தேன். கூடவே இன்னொரு முடிவும். இனி என் பொருள் அவன் கை எட்டும் இடத்தில் இருக்காது. அது மட்டும் போதாது. எட்டவில்லை என்று அவனுக்குத் தெரியவும் வேண்டும்.

மதிய இடைவேளைகளில் ஆபீஸ் இன்டர்நெட்டில் படித்தேன். எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கலாம். ஆனால் ஒரு ஒயரைச் செருகினால் அது யாருக்கும் திறக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இலவச சாப்ட்வேர் போட்டுக் கிடங்காக்கலாம், ஆனால் அந்தச் சூடும் இரைச்சலும் போதும், "இது எதுக்கு ஓடறது?" என்று அவனே வந்து அணைத்துவிடுவான். மூன்றாவதுதான் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. நாஸ் என்கிறார்கள். உள்ளே இரண்டு டிஸ்க்; ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். ரவுட்டரில் மாட்டிவிட்டால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பார்க்கலாம்.

அதெல்லாம் சரி. என்னை மயக்கியது வேறு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: எழுதலாம், பார்க்க மட்டும், அனுமதி இல்லை.

கடைக்காரர் பெட்டியைக் காட்டத் தயங்கினார். "வீட்டுக்கு எதுக்கு சேச்சி? இது கம்பெனிக்காராளாக்கும் வாங்கறது."

"வீட்ல ஒரு ஆள் எல்லாத்தையும் அழிக்கறார்."

"மோனாணோ?" என்று சிரித்தார், பிள்ளையா என்று.

"அல்ல. சேட்டன்" என்றேன், அண்ணன் என்று.

சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு டிஸ்க்கையும் எடுத்து வைத்தார். சின்ன யூ.பி.எஸ். ஒன்றும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பெட்டியை என் அறை பீரோ மேல் வைத்தேன். போன் லைன் என் பெயரில் இருந்ததால் ரவுட்டரும் அங்கேதான். டிஸ்க்குகளைத் தட்டில் வைத்துத் திருகி உள்ளே தள்ளினேன். விளக்கு எரிந்தது, ஆனால் கம்ப்யூட்டரில் பெட்டி தெரியவே இல்லை. ஒருவழியாகத் தெரிந்தது, சட்டென்று மறைந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் ரவுட்டர் அதற்குப் புது முகவரி எண் கொடுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மாறாத எண் ஒன்றைக் கொடுத்த பிறகு அடங்கியது. பாஸ்வேர்டு, அண்ணா கேள்விப்பட்டே இராத ஒரு மீனின் பெயர்.

பிறகு பெயர்கள். எனக்கு எல்லாம். மன்னிக்கு எழுதலாம். அண்ணாவின் பெயரைச் சேர்த்து, அனுமதி இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பெயரைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம். அதில் சந்தோஷம் இல்லை. உள்ளே சேர்த்து வாசலில் நிறுத்துவதில்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். தினமும் மத்தியானம், அவன் தூங்குகிற நேரத்தில், கூடத்துக் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் பெட்டிக்கு ஒரு பிரதி வரும்படி வைத்தேன். நல்ல எண்ணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுடையது என்னிடம் இருக்க வேண்டும், அது அவனுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

"என்னடி இது, டிபன் பாக்ஸ் மாதிரி?" என்று கேட்டான். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்க்க முயன்று முடியாமல், "என்னமோ பண்ணிக்கோ" என்று போய்விட்டான்.

அடுத்த வருஷம் மருமகளின் பிரசவத்துக்காக அண்ணாவும் மன்னியும் அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார்கள். பேரனைக் குளிப்பாட்டுவது, தொட்டிலில் போடுவது என்று அவன் தன் கேமராவில் எடுத்துத் தள்ளியிருந்தான். எல்லாவற்றையும் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுக் கேமரா கார்டில் இருந்ததை அழித்துவிட்டான். தெருவில் போகிறவர்களைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினான். மன்னி கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. "ஏதாவது அமுக்கி வெச்சுடுவே."

ஐப்பசி மாதம் எங்கள் ஊரில் மத்தியானம் இடி இடிக்காத நாள் இல்லை. மேகம் கறுத்தால் ரவுட்டர், போன், பெட்டி எல்லாவற்றின் ஒயரையும் பிடுங்கிவிடும்படி மன்னியிடம் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் பிடுங்கினாள். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தான். கூடத்துக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வீடெல்லாம் கருகிய வாடை; கூடத்துக் கம்ப்யூட்டரில் உயிர் இல்லை. அண்ணா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"போச்சு. குழந்தையோட படம் எல்லாம் போச்சு."

பையைக்கூட இறக்கவில்லை நான். "போட்டோதானே? குழந்தை எங்கேயும் போயிடலை. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மன்னியை மட்டும் வதைக்க மனசு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் கோயிலுக்குப் போனதும் அவளை என் அறைக்கு அழைத்து நான் புதிதாக வாங்கியிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் பேரன் கொட்டாவி விட்டான். மன்னி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம். கொஞ்சம் கிடக்கட்டும்" என்றாள்.

எனக்கே திக்கென்றது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைப்பேறுக்கு நாகர்கோவில் போயிட்டு வந்தா, என் தையல் மெஷினைக் காணோம். எங்கப்பா வாங்கித் தந்தது. உங்கண்ணா யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டார். இடத்தை அடைச்சுண்டு கிடந்ததாம். கேட்டியா, ஒரு வார்த்தை என்னண்ட கேக்கலை."

அப்புறம் தினமும் அவன் கோயிலுக்குப் போவதும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேரனைப் பார்ப்பதும் வழக்கமாயிற்று. அவன் திரும்பி வந்து வெறும் மேஜையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். மன்னி சாதம் பரிமாறுவாள்.

மார்கழியில் மன்னி வாய் தவறினாள். பிள்ளையிடம் போனில், "நேத்திக்கு அந்த மஞ்சள் துண்டு சுத்தின படம் பார்த்தேன், உன் ஜாடையே" என்றுவிட்டாள். அண்ணா பின்னால் நின்றிருந்தான். நேரே என் அறைக்கு வந்தான்.

"உன்னண்ட இருக்கா?"

"இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

"இவ்வளவு நாளா நான் கெடந்து தவிச்சதைப் பார்த்துண்டு இருந்தியா?"

"ஆமாம்."

"இப்போ காட்டு."

"அதுக்கு முன்னாடி நீ என்னண்ட ஒண்ணு சொல்லணும். என்னன்னு உனக்குத் தெரியும்."

அவன் உதடு அசைந்தது. சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். "ரத்த சம்பந்தம் உள்ளவா யாராவது இப்படிப் பண்ணுவாளா?" என்றுவிட்டுப் போனான். மன்னியிடம் குரலை உயர்த்தினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்று, "நீங்கோ கத்தறதை நிறுத்தினா பேசலாம்" என்றாள். அவன் நிறுத்தினான்.

மன்னிக்காகத்தான் அவன் பெயருக்கு நேரே மாற்றினேன். அனுமதி இல்லை என்பதை எடுத்துவிட்டு, பார்க்க மட்டும். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். ஒரு படத்தில் பேரனை ஏந்திய அவன் கண்கள் பாதி மூடியிருந்தன. அதை அழிக்கப் பார்த்திருக்கிறான். முடியவில்லை. என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அது ஒண்ணு நன்னா இல்லை. எடுத்துடேன்."

"இருக்கட்டுமே" என்றேன்.

பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. என் படங்கள் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை; நிம்மதியாகத் தூங்கினேன் என்பதும் உண்மை.

சித்திரையில் அவனே கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தான், என்னுடையதைவிடப் பெரியது. கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் திருகினான். கம்ப்யூட்டரில் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பிள்ளைக்குப் போன் போட்டான். பிள்ளைக்கு நேரம் இல்லை. கடைசியில், "கொஞ்சம் வந்து என்னன்னு பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டான்.

காபி டம்ளரோடு போய்ப் பார்த்தேன். என்ன கோளாறு என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

"புஸ்தகம் குடுத்திருப்பாளே, படிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.