கோல் கம்பத்தடி எலுமிச்சை

செருப்பை எல்லைக்கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு ரியாசுதீன் வெறுங்காலில் நடக்கிறார். உழுகிறவரைப் போல, ஒரு சாண் விடாமல், மேலும் கீழுமாக. வேங்கிக்கால் பக்கத்து இந்த மைதானம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேருந்து நிறுத்துமிடமாகிவிடும். கிரிவலம் வந்தவர்கள் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு பாட்டில் சில்லுகளை இங்கே விட்டுப் போவார்கள்.

"எங் காலுல குத்திட்டா சரியாப் போச்சு. பொண்ணுங்க காலு எதுக்கு?" என்பார்.

நாற்பத்தாறு வயது. பதினோரு ஆண்டுகள் கொல்கத்தாவிலும் கோவாவிலும் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். முழங்காலில் தசைநார் கிழிந்தபோது, "விதி, என்ன செய்ய" என்று சொல்லி ரயிலேற்றி அனுப்பியது கடைசி கிளப். அந்தச் சொல்லுக்கு மட்டும் இன்றும் கொதிப்பார். "விதியா? ஒரு ஸ்கேன் எடுக்கல. ஊசி போட்டுப் போட்டு ஆட வெச்சானுங்க. அதுக்குப் பேரு விதியா?" அடுத்த நிமிடம் விசிலை ஊதிவிட்டு, கோணலாகப் பந்தடித்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆடிய காலத்தைவிட இப்போது நன்றாகத் தூங்குகிறாராம்.

இன்று மாநில அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். இவர் பயிற்சி கொடுக்கும் பெண்கள் அணிக்கு இருக்கும் ஒரே கோல்கீப்பர் அன்புச்செல்வி. அடுத்த ஆண்டு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

வடக்குக் கம்பத்தடியில் ரியாசுதீனின் கால் நின்றது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். பின்னாலேயே வந்த அன்புச்செல்வியின் அம்மா ஜோதியம்மாள், மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாய், யாரோ செய்வினை வெச்சிருக்காங்க. எம் பொண்ணு இங்க நிக்க மாட்டா. கை கால் போச்சுன்னா யாரு பாக்கறது?"

"எங் காலு போனப்ப எலுமிச்சம்பழம் எதுவும் இல்லியேக்கா."

பழத்தைக் கழுவினார். பைக்குள்ளிருந்த கத்தியால் அறுத்து, பிள்ளைகளின் தண்ணீர்க் குடத்தில் பிழிந்தார். உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார்.

"புளிப்பு கம்மி. அவ்ளோதான்."

அன்புச்செல்வி கையை நீட்டினாள். "இருடி!" என்று அதட்டினாள் ஜோதியம்மாள். ரியாசுதீனையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தானே வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"சர்க்கரையும் கம்மி" என்று முகத்தைச் சுளித்தவள், மகளின் கையை விட்டாள். அன்புச்செல்வி கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்கு ஓடினாள்.

ரியாசுதீன் அதைப் பார்க்கவில்லை. நொண்டியபடி தெற்குக் கம்பத்துக்குப் போய்விட்டிருந்தார். குனிந்து வலைக்கடியில் கைவிட்டுத் துழாவினார்.

"பதினாறு பேருக்கு ஒரு பழம் எப்படிப் பத்தும்?"